சோயாக் கட்டியும் மாமாவின் நாக்கும்

பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் வழங்காமற்போன ஏழாவது மாதத்தில், அக்காவின் மாமனார் மாட்டிறைச்சி கேட்டார். சாவதற்கு முன் ஒரு தடவை பிஸ்ரேக் சாப்பிடவேண்டும் என்றார். இறைச்சியை விரல் தடிப்பில் வெட்டி, மிளகு, உள்ளி, வினாகிரி, சோயா சோஸில் ஊறவைத்து, நன்றாகச் சூடேறிய தாச்சிச் சட்டியில் இரண்டு பக்கமும் கருகலாக வாட்டி எடுப்பது. மலைநாட்டில் ஒரு ரெஸ்ற் ஹவுஸ் குசினியில் முப்பது வருடம் அதைச் செய்தவர் அவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் ஒரு கைப்பையோடு கோப்பாய்க்கு வந்து சேர்ந்தார். பிறகு மகன், என் அத்தான், சுவிசுக்குப் போய்விட, வீட்டில் மிஞ்சியது அவரும் அக்காவும் நானும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சீனி இல்லை. மாட்டிறைச்சி இருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் வேலைசெய்த பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து குருநகர்ப் பக்கம் திரும்பினால், ஒரு கொட்டிலில் காலையில் தொங்கும். அது வீட்டுக்கு வராததற்குக் காரணம் அக்கா மட்டுமே.

"மாடு இந்தப் படலைக்குள்ளை வராது மாமா. நான் இருக்கிற வரைக்கும் வராது."

"அப்ப நீ சமைக்கிறதைக் கொண்டுபோய்க் கோயில் மாட்டுக்கு வை. அதுவும் எழும்பிப் போயிடும்."

வருத்தம் பார்க்க வந்த அயலவர்களுக்கு முன்னால் இதைச் சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஏழு மாதமாக அவருடைய துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தவள் அக்கா. வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் நல்லூரில் பெண்களுக்குச் சோயா சமையல் வகுப்பு ஒன்று நடந்தது. சோயா அவரையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, காய்ச்சி, தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைத்து, துணியில் கட்டிப் பாரம் வைத்தால் வெள்ளைக் கட்டியாக வரும். வெளிநாடுகளில் அதை டோஃபு என்பார்கள் என்று பின்னாளில் அறிந்தேன். அக்கா மூன்று வகுப்புக்குப் போனாள். நாலாம் நாள் மாமாவின் கட்டிலடியில் போய் நின்றாள்.

"சரி மாமா. தம்பியை விட்டு வாங்குவிக்கிறன். எப்பிடி ஊறவைக்கிறதெண்டு சொல்லுங்கோ."

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். என்னை எழுதச் சொன்னார். செய்தி குறிக்கும் கொப்பியிலேயே எழுதினேன். மிளகை இடிக்கவேண்டும், அரைக்கக் கூடாது. தேசிக்காய் வேண்டாம், வினாகிரிதான். சீனி ஒரு சிட்டிகை. உப்பை முதலிலேயே போட்டால் இறைச்சி தண்ணீர் விட்டுவிடும். தாச்சியில் போடும்போது போடவேண்டும். ஒரு பக்கம் மூன்றே நிமிடம். தாளைக் கிழித்து அக்காவிடம் கொடுத்தேன். எதற்கென்று அப்போதே எனக்குத் தெரியும்.

அக்கா கட்டியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து, துணியில் ஈரம் கசியாத வரை விட்டாள். பிறகு விரல் தடிப்பில் வெட்டி, ஈர்க்கால் குத்தி, காலையிலிருந்து மத்தியானம் வரை ஊறவைத்தாள். சீனிக்குப் பதில் பனங்கட்டி. சோயா சோஸ், பொருளாதாரத் தடைக்கு முன்பு வந்து கடைத் தட்டில் தூசி பிடித்திருந்த ஒரு போத்தல்; போதாததால் தண்ணீர் கலந்தாள். தாச்சியில் போட்டதும் எழும்பிய மணத்துக்கு எனக்கே வாயூறியது.

மாமா முள்ளுக்கரண்டி கேட்டு வாங்கி, இடக்கையால் ஒரு துண்டைக் குத்தி வாயில் வைத்தார். இரண்டு தரம் மென்றார்.

"மிளகு புதுசு. சோஸிலை தண்ணி கலந்திருக்கு. சீனி இல்லை, பனங்கட்டி." பிறகு அக்காவைப் பார்த்தார். "பிள்ளை, உது மாடில்லை."

"மாடுதான் மாமா."

"இறைச்சியெண்டால் பல்லோடை ஒருக்காச் சண்டை பிடிக்கும். உது விழுந்து கும்பிடுது."

"உங்களுக்குப் பாரிசவாதம் நாக்கிலையும் அடிச்சிட்டுது. நாக்குச் செத்துப்போச்சு. அதுதான் என்ரை கறியும் உங்களுக்கு ருசிக்கிறேல்லை."

சற்று முன்தான் அந்த நாக்கு தண்ணீரையும் பனங்கட்டியையும் பிரித்துச் சொல்லியிருந்தது. அதை நாங்கள் மூவரும் கேட்டிருந்தோம். ஆனால் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. கை போனபோதும் கால் போனபோதும் வேறு ஆட்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் பேப்பரிலை எழுதிறனீர். பொய் சொல்லமாட்டீர். இது மாடோ?"

"ஓம் மாமா. நான்தான் வாங்கிவந்தனான்."

அக்காவின் வீட்டில் இருந்தேன், அக்கா போட்ட சோற்றைத் தின்றேன். இத்தனை வருடங்களில் இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

மாமா முள்ளுக்கரண்டியைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒழுங்காக வைத்தார். "அப்ப சரி," என்றார். "அதுவும் போயிட்டுது."

அதன் பின் அவர் எந்தச் சாப்பாட்டையும் குறை சொல்லவில்லை. கஞ்சி வந்தால், "உப்புப் போட்டதோ?" என்று கேட்பார். அக்கா "ஓம்" என்றால் குடிப்பார். ஒரு நாள் போடாமலே ஓம் என்றாள், அதையும் குடித்தார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரிக்கு அதைச் சொல்லி இருவரும் சிரித்ததைக் கேட்டேன். மாமாவுக்கும் கேட்டிருக்கும். பிறகு ஒவ்வொரு கோப்பையையும் பார்த்து "இது என்ன?" என்று கேட்கத் தொடங்கினார். கத்தரிக்காயைப் பூசணி என்றாலும் தலையாட்டினார். பிறகு கேட்பதையும் நிறுத்தினார். சாப்பாடு குறைந்து குறைந்து, பிஸ்ரேக் சமைத்து மூன்று மாதம் ஆக முதலே செத்துப்போனார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும். மச்ச மாமிசமானாலும் சாராயமானாலும் விலக்கில்லை. காலையில் அக்கா என்னிடம் ஒரு பையைத் தந்தாள்.

"குருநகருக்குப் போய் ஒரு கிலோ மாடு வாங்கிவா. முதுகுப் பக்கமாப் பார்."

"படலைக்குள்ளை வரலாமோ?"

"விசர்க் கதை கதையாதை. குறையோடை போனால் அந்தாள் வீட்டைச் சுத்தும். பிறகு ஆர் இருக்கிறது இதுக்குள்ளை?"

சைக்கிளில் போய்வர ஒன்றேகால் மணித்தியாலம் ஆயிற்று. பின்வளவில் மூன்று கல் வைத்து, நான் எழுதிக்கொடுத்த தாளைக் கல்லின் கீழ் செருகி, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பழைய தாச்சி, முடிந்ததும் வேலிக்கு வெளியே எறிந்தாள். வந்த உறவினர்களுக்கு ஆடு என்று சொல்லியிருந்தாள். "நல்ல இளம் கிடாய்," என்றார் ஒரு பெரியவர்.

செக்கல் பொழுதில், படைத்ததில் ஒரு பங்கை வாழையிலையில் எடுத்துக்கொண்டுபோய் ஒழுங்கை முடக்கில் வைத்தேன். நான் திரும்பு முன்பே ஒரு நாய் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என் பங்கைச் சாப்பிட்டேன். பல்லோடு சண்டை பிடித்தது.

அக்கா எதிரில் நின்றாள். அவள் அதை வாயில் வைக்கமாட்டாள்.

"எப்பிடி, சரியா வந்திருக்கோ?"

"ஓம்."

"வரத்தானே வேணும்," என்றாள். "இந்தமுறை சீனியெல்லே தேடி வாங்கிப் போட்டனான். அவர் சொன்னதிலை ஒண்டையும் மாத்தேல்லை."