ரிங்கிட்டுக்கு எப்போது பாடு வரும்?

மலேசியாவில் ஓட்டல் சமையலறையில் பத்து வருடம் பாத்திரம் கழுவிய என் அக்கா வீட்டுக்காரர், போன வருடம் ஒரேயடியாக ஊர் திரும்புவதென்று முடிவு செய்தார். சேர்த்து வைத்திருந்த ரிங்கிட்டை எந்த நாளில் ரூபாயாக மாற்றி அனுப்புவது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் மின்விசிறிக்கு நேர்கீழே எனக்கு ஒரு நாற்காலி உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு உலகப் பொருளாதாரம் தெரியும் என்று எங்கள் குப்பத்தில் ஒரு நம்பிக்கை. அங்கே நான் லாரி வருவதையும் போவதையும் எழுதிக்கொள்கிறேன். அதை யாரிடமும் விளக்கியதில்லை. மரியாதை தானாக வரும்போது தடுப்பானேன்?

அந்தப் பணத்தில் அக்கா வலை வாங்க வேண்டும். எங்கள் குப்பத்தை ஒட்டிய உப்புநீர் ஏரியில் நல்ல இறால் கிடைக்கிற இடங்களில் நினைத்தவர் நினைத்தபோது வலை போட முடியாது. இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்துத்தான் போகும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மாமாவை ஊர்க்காரர்கள் மறுபடியும் முறையில் சேர்த்திருந்தார்கள். அவர் வந்து இறங்கும் வாரத்திலேயே முதல் பாடு. வலை தயாராக இல்லையென்றால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

"வந்ததும் கையில வேல இருக்கணும்டா" என்றாள் அக்கா. "ஒரு வாரம் சும்மா குந்துனாருன்னா மறுபடியும் பிளேன் ஏறிடுவாரு."

அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

ஆனால் ரிங்கிட் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய ரேட்டுகளையெல்லாம் ஒரு கோடாக வரைந்து காட்டும் ஆப் ஒன்றை போனில் இறக்கி வைத்திருந்தேன். கோடு ஏறுகிறது, இறங்குகிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாற்காலி விடவில்லை.

"பாடு மாதிரிதான்க்கா. கொஞ்ச நாள் ரூபாய்க்கு, கொஞ்ச நாள் ரிங்கிட்டுக்கு. இப்ப ரூபாயோட பாடு நடக்குது."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. முறை என்றால் முறைதானே, இறங்கியவனுக்கு அடுத்தது ஏறும் முறை வந்துதானே ஆக வேண்டும். இரண்டே நாளில் தெருவும் இதை ஒப்புக்கொண்டது. நண்டுக் கூடையோடு போகிற பெண்கள் நின்று, "இன்னாப்பா, மலேசியாவுக்குப் பாடு வந்துச்சா?" என்று விசாரித்தார்கள். அவர்கள் கேட்கக் கேட்க, இந்த மேதை சொன்னதை மேதையே நம்பத் தொடங்கினான்.

"ஏறிச்சா மச்சான்?" என்று வீடியோ காலில் கேட்பார் மாமா.

"இல்ல மாமா. குந்தினு கீது."

"எழுப்பி வுடு மச்சான்."

"அடுத்த வாரம் பாருங்க."

அடுத்த வாரம் அது படுத்துவிட்டது.

மாமா டிக்கெட் போட்டுவிட்டார். வலை வாங்கினால் மட்டும் போதாது. கயிறு கோத்து, மிதவையும் ஈயமும் கட்ட நாள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா குழம்புச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு, சோறு போடாமல் நின்றாள்.

"அடுத்த பாடு எப்போன்னு சொல்லு. அப்பறம் துன்னு."

பசி. போனில் பத்து வருட ரேட்டுக் கோடு முழுவதையும் விரித்துக் காட்டினேன். "பாரு, எவ்ளோ உசரம் போயிருக்கு. மறுபடியும் போகும்."

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த மேட்டில் விரலை வைத்தாள். "இது எப்போ?"

"ஒன் பெரிய பொண்ணு ஸ்கூல்ல சேந்த வருஷம்."

"அப்ப இன்னா அனுப்புனாரு? ஒண்ணியும் இல்ல. மஞ்சக்காமாலைல படுத்துனு இருந்தாரு." விரல் சறுக்கி ஒரு பள்ளத்தில் நின்றது. "இது?"

"இந்த வீட்டுக்குத் தளம் போட்டமே, அப்ப."

"அப்ப ரேட்டு இவ்ளோ கீழயா இருந்துச்சி?"

"ஆமா."

"எனக்கு யாருமே சொல்லலியே!"

"அப்ப எங்கிட்ட இந்த ஆப் இல்லக்கா."

"அதான் வீடு கட்ட முடிஞ்சிது" என்றாள்.

என் கையிலிருந்த போனைப் பிடுங்கி அதிலேயே மாமாவைக் கூப்பிட்டாள். "இன்னிக்கே அனுப்பிடு."

"மச்சான் இன்னா சொல்றாரு?"

"அவன் பேச்சக் கேட்டா நீ கெழவனாதான் வந்து எறங்குவ."

எனக்குச் சோறு விழுந்தது. குழம்பு ஆறியிருந்தது. பதவி போன கையோடு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

வந்த பணத்துக்கு, நினைத்ததைவிடக் கொஞ்சம் சின்ன வலைதான் கிடைத்தது. அக்காவும் நானும் சாயங்காலங்களில் மிதவை கட்டினோம். நான் கட்டியதையெல்லாம் அவிழ்த்து அவள் மறுபடி கட்டினாள். அந்த வாரமே ரிங்கிட் ஏறியது. நன்றாகவே ஏறியது. அதன் பிறகு அக்கா வீட்டுக்கு நான் சார்ஜ் இல்லாத போனோடு மட்டும்தான் போனேன்.

மாமா வந்து இறங்கினார். முதல் பாடு வந்த நாளன்று விடியும் முன்பே ஏரிக்குப் போனவர், வெயில் ஏறிய பிறகு அரைக்கூடை இறாலோடு கரைக்கு வந்தார். அக்கா கூடையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் பத்து வருடம் ஊறிய கை. கயிறு இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இன்னா கை இது, மருதாணி வெச்ச மாதிரி? மெதுவா இழுக்கத் தெரியாதா ஒனக்கு?"

"எரியுதுதான்" என்று சிரித்தார் மாமா. "அது கெடக்குது. நமக்கு அடுத்த பாடு எப்போ?"

"இன்னா கேட்ட? காதுல வுழல."

முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு அத்தனை தள்ளி நின்ற எனக்கே தெளிவாக விழுந்தது. பக்கத்தில் நின்றவளுக்கு விழாமலா இருக்கும்?

மாமா கரையே திரும்பிப் பார்க்கும்படி இன்னும் சத்தமாகக் கேட்டார்.