ஸ்டூல் கேட்டவள் கச்சேரிக்குப் போன கதை

பொய்யாம். என் சின்ன மருமகளுக்குக் கால்வலி என்பதே பொய்யாம். மாடிவீட்டுக்காரி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இதைத்தான் ஓதிக்கொண்டிருக்கிறாள். "ஸ்டூல் கேக்கறப்ப மட்டும் வலிச்சுதாம், ஆட்டம் போடறப்ப வலிக்கலையாம். அதான் பேக்டரியில துரத்திட்டாங்க." கையில் சாட்சியும் வைத்திருக்கிறாள். போனில் ஒரு வீடியோ. அதில் என் மருமகள் குதிக்கிறாள். குதிக்கத்தான் செய்தாள், நான் எப்போது இல்லை என்றேன்?

அந்தப் போனை என் மூக்குக்கு நேராகவே நீட்டினாள். "நீங்களே பாருங்க பெரியம்மா, இது வலிக்கிற காலா?"

"நல்லாப் பாத்தேன். உன் பேரனுக்குக் காய்ச்சல்னு இடுப்புல தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறினியே, அன்னைக்கு உனக்கு முட்டி வலிக்கலையா?"

"உயிர் போச்சு. ஆனா அது பேரன்."

"அப்ப வாயை மூடு. இது அவளோட பாட்டு."

அவள் மூடவில்லை. மூடுகிற வாயா அது? ஆகையால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். நான் கச்சேரிக்குப் போகவில்லை. ஆனால் போன இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். ஒருத்தி சொன்னதற்கும் மற்றவள் சொன்னதற்கும் இம்மி பிசகில்லை.

மருமகளுக்கு பிஸ்கட் பேக்டரியில் பேக்கிங் வேலை. பெல்ட்டில் பிஸ்கட் ஓடி வரும். எடுத்து டின்னில் அடுக்கி, மேலே தாள் விரித்து, மூடியை அழுத்த வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டால் டின் திரும்பி வந்துவிடும். "மூடியைக்கூட உக்காரச் சொல்றாங்க அத்தை, எங்களை மட்டும் சொல்லமாட்டேங்கிறாங்க" என்பாள். ஷிப்ட் முடியும்வரை நிற்க வேண்டும். அதனால்தான் குதிகால் போயிற்று. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணிமேல் மிதித்த மாதிரி முகம் சுருங்கும். சுவரைப் பிடித்தபடி சாய்ந்து சாய்ந்து நடப்பாள். பேக்டரியில் அவளுக்கு வாத்து என்று பெயர். கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளே "வாத்து வந்துடுச்சு, வழிவிடுங்கடி" என்றுதான் உள்ளே போவாள்.

ஸ்டூல் கேட்டாள். சூப்பர்வைசர், "உனக்கு ஒண்ணு போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

"எல்லாருக்கும் கால் இருக்கே சார், கேக்கத்தான் செய்வாங்க."

அதற்கு அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கே இரண்டு பெல்ட்டுக்கும் நடுவே ஒரு சந்து. இந்த வரிசைப் பெண்களும் அந்த வரிசைப் பெண்களும் முதுகுக்கு முதுகாக நிற்பார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், "முதுகு குடுடி" என்று ஒருத்தி கேட்பாள். பின்னால் நிற்கிறவள் காலை அழுத்தி ஊன்றிக்கொள்ள, கேட்டவள் அவள்மேல் சாய்ந்து ஒரு காலைத் தூக்கிக்கொள்வாள். கை மட்டும் பிஸ்கட் அடுக்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் மற்றவள் முறை. என் மருமகளுக்கு முதுகு கொடுக்கிறவள் ஒல்லி. ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள், ஆனால் ஊன்றி நின்றால் சுவர்தான்.

பேக்கிங் அறையில் ஒரு ரேடியோ உண்டு. அதில் ஒரு பாடகன் பாடினால் டின்கள் மளமளவென்று நிறையும், சூப்பர்வைசரே சத்தத்தைக் கூட்டி வைப்பார். அந்தப் பாடகன் எங்கள் ஊருக்கு வருகிறான் என்று தெரிந்தது. இவளுக்கும் ஒல்லிக்கும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இருக்கிறதிலேயே விலை கூடின டிக்கெட்டாக, மேடைக்கு ஒட்டினாற்போல, வாங்கினார்கள். "அந்தக் காசுக்கு சோபாவே போட்டிருப்பான், போய் சாஞ்சு உக்காரு" என்றான் என் மகன். வேன் ஓட்டுகிறவனுக்கு உட்காருகிற புத்திதானே வரும்.

போய்ப் பார்த்தால் மேடைக்கு முன்னால் ஒரு முக்காலிகூட இல்லை. கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் வெறும் தரை. விலை குறைந்த டிக்கெட்காரர்கள் தூரத்தில் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் வாசல்காரனைப் பிடித்தாள்.

"அதிகம் குடுத்தவங்க நிக்கணும், குறைச்சுக் குடுத்தவங்க உக்காரணுமா? இது என்னப்பா நியாயம்?"

"கிட்டத்துல பாக்கத்தான்க்கா அந்த விலை. முடியலைன்னா பின்னாடி நாற்காலி காலியா இருக்கு, போங்க. ஆனா போனா திரும்பி இங்க வர முடியாது."

பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் பாடகன் சுண்டுவிரல் அளவுதான் இருப்பான். "நான் நிக்கிறேன்" என்றாள். கடைசிப் பாட்டு வரைக்கும் இந்தக் கம்பியை விடுவதில்லை என்று ஒல்லியின் கையில் அடித்தாள்.

காலில் என் மகனுடைய பழைய கேன்வாஸ் ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ். குதிகாலுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சை வெட்டி வைத்திருந்தாள். நான் அதைச் சமையலறை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது தனிக்கதை.

விளக்கு அணைந்து, டிரம்ஸில் முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்குள்ளேயே யாரோ தட்டின மாதிரி இருந்ததாம். முதல் இரண்டு பாட்டுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில்லை. மூன்றாவதில் ஞாபகப்படுத்திவிட்டது. ஷூ கயிற்றைத் தளர்த்தினாள். இந்தக் காலில் கொஞ்ச நேரம், அந்தக் காலில் கொஞ்ச நேரம் நின்றாள். கம்பியில் முழங்கையை ஊன்றித் தொங்கினாள். விரல் நுனியில் ஏறி இறங்கினாள். நெருப்புக்கங்கு மாதிரி குதிகால் எரிய, பாட்டின் வார்த்தைகளே காதில் ஏறவில்லை. அப்போதுதான், "ஒல்லி, முதுகு குடுடி" என்றாள்.

சாய்ந்தாள், காலைத் தூக்கினாள், உயிர் வந்தது. ஆனால் முதுகுக்கு முதுகு என்றால் ஒருத்தி மேடைக்கு முதுகைக் காட்டித்தானே ஆக வேண்டும்? கிட்டத்தில் பார்க்க வந்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒல்லி திரும்பாமலே இவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கோட்டைக் கழட்டுறான்க்கா. உள்ள நீலச் சட்டை."

"பொத்தான் போட்டிருக்கானா?"

"மேல ரெண்டு போடலை."

"அப்ப திரும்பு, என் முறை."

தலை தலையாக, வாய் வாயாக ஆயிரம் முகம் ஒன்றாகப் பாடுவதை அந்தப் பாடகன்தான் பார்ப்பான். அன்றைக்கு இவளும் பார்த்தாள். "அத்தை, அவ்வளவு பேரும் எனக்காகப் பாடுற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆனால் முன்வரிசையில் ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டி நின்றால் மேடையில் இருப்பவனுக்குத் தெரியாமல் போகுமா? மறுபடி இவள் கூட்டத்தைப் பார்த்து நின்றபோது, ஒரு பாட்டு முடிந்ததும் மைக்கில் கேட்டுவிட்டான். "அங்க ஒரு அக்கா என் மூஞ்சியே பிடிக்காம திரும்பி நிக்கிறாங்க. என்னக்கா கோவம்?"

இவள் தலையை மட்டும் திருப்பி, பெல்ட் சத்தத்தில் பேசிப் பழகின குரலில் சொன்னாள். "கோவம் இல்ல தம்பி, கால் வலி. காது உங்க பக்கம்தான் இருக்கு, நீங்க பாடுங்க."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த பாட்டு முடிவதற்குள் காவலுக்கு நின்ற ஒருத்தர் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கம்பிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார். உட்கார்ந்தால் கம்பி மறைத்தது. அதனால் ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, மேடையை நேராகப் பார்த்து நின்றாள். ஒல்லியும் அவளும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

பிறகு கடைசிப் பாட்டு. ரேடியோவில் அது வந்தால் பேக்கிங் அறையில் ஒருத்தியும் பேச மாட்டாள். தாளம் ஏறினதும் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது, ஸ்டூல் எல்லார் காலிலும் இடறியது. அதை எடுத்துக் காவல்காரரிடமே கொடுத்துவிட்டாள். முதுகு கொடுக்கவும் ஆளில்லை, ஒல்லியும் பார்க்க வேண்டுமே. இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். அப்புறம் குதித்தாள். ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் குதிகாலில் ஆணி இறங்கியது. மறுபடியும் குதித்தாள். யாரோ எடுத்த வீடியோ அதுதான். அதற்கு முன்னால் ஒல்லி முதுகில் சாய்ந்து நின்றதை எவரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து குளியலறைக்குத் தவழ்ந்து போனாள். சிரித்துக்கொண்டே தவழ்ந்தாள். "பைத்தியமே, தேவையா?" என்றேன். "தேவை அத்தை" என்றாள். அன்றைக்கு லீவு.

அடுத்த நாள் வேலைக்குப் போனால் அவளுக்கு முன்னாலேயே வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. சூப்பர்வைசர் போனைப் பிடித்துக்கொண்டு பெல்ட் அருகே வந்தார்.

"ஆட்டம் நல்லா இருந்துதும்மா. இந்தக் கால்தானே வலிக்குதுன்னே?"

"இதே கால்தான் சார்."

"கால் வலின்னு சொன்னது பொய்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லிட்டு வேலையைப் பாரு. இனிமே ஒருத்தியும் இங்க ஸ்டூல் பேச்சு எடுக்கக் கூடாது."

வேலை வேண்டுமென்றால் வலியைப் பொய் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒல்லி பின்னாலிருந்து, "சொல்லிடுக்கா, வாய் வார்த்தைதானே" என்று முணுமுணுத்தாளாம். இவள் கையிலிருந்த மூடியை அழுத்தி, டின்னைப் பெல்ட்டில் வைத்தாள்.

"சார், அங்க நான் ஸ்டூலே கேக்கலை. வலிக்குதுன்னு மட்டும்தான் சொன்னேன். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள வந்துச்சு."

"அப்ப அங்கயே போய் வேலை கேளு."

"கேட்டுப் பாக்குறேன் சார்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. இவள் தொப்பியையும் ஏப்ரனையும் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்க, பிஸ்கட்டுகள் கீழே கொட்ட ஆரம்பித்தன. அவருக்கு இவளைத் தடுப்பதா, பிஸ்கட்டைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. பிஸ்கட்டைத்தான் பிடித்தார்.

பேக்கிங் பெண்களுக்குப் பின்வாசல்தான் வழி. அது மூட்டை அடுக்கின கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போகும். இவள் சாய்ந்து சாய்ந்து நேராக முன்வாசலுக்குப் போனாள். அந்தக் கடைசிப் பாட்டு தானாக வாயில் வந்துகொண்டிருந்ததாம்.

"இது ஆபீஸ்காரங்க வழிம்மா" என்றான் வாட்ச்மேன்.

"அந்த வழி தூரம்பா. கால் வலிக்குது."

அவன் அவள் நடையைப் பார்த்தான். எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டான்.