காஜா திருத்திக் கொடுத்த தாள்

காஜா மைதீன் இறந்த சேதி வந்தபோது, ஐந்தருவிக்குப் போகும் வழியில் இருக்கும் என் கடையில் மழைக்கோட்டுகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. போனில் அவனுடைய மச்சினன்.

"சங்கர் அண்ணாச்சி, மச்சான் மௌத்தாயிட்டாரு. விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு வந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடி கோட்டுகளை மாட்ட ஆரம்பித்தேன். நாலைந்து மாட்டிய பிறகுதான் கை நின்றது. ஷட்டரை இறக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு அவன் ஊரான கடையநல்லூருக்குப் புறப்பட்டேன். தென்காசியைத் தாண்டியதும் ஷட்டரைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. மறுபடி புறப்பட்டேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பைக் வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அவனைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு முறை உட்கார்ந்து நாலு முறையும் எழுந்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. அதனால் 'அவர்' என்று எழுத வரவில்லை. இளையவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் உங்களிடம் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதைத் தள்ளிப்போடத்தான் இத்தனை முறை எழுந்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு காஜா ஊர் திரும்பினான். மற்றவர்கள் கடையோ வீடோ கட்டுவார்கள். இவன் கோயம்புத்தூரில் யாரோ கைமாற்றிய ஒரு டைனோ இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆய்க்குடிச் சாலையில் தகரக் கொட்டகை போட்டு அதற்குள் இறக்கினான். பின்சக்கரத்தைக் கனமான உருளைமேல் நிறுத்தி, வண்டியைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அதன் பலத்தை அளக்கிற இயந்திரம் அது. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிய வண்டிக்குள் போகும் காற்றின் அளவு மாறிவிடும். அதற்குத் தக்கபடி பெட்ரோல் அளவை லேப்டாப்பில் திருத்தி எழுத வேண்டும். அது காஜாவின் வேலை. வண்டியைக் கழற்றுவது, மாட்டுவது, வருகிறவர்களிடம் பேசுவது என் வேலை. எனக்கு அப்போது குற்றாலத்தில் ஒரு சின்ன மெக்கானிக் கடை இருந்தது. அதை மூடிவிட்டு அவனோடு சேர்ந்தேன்.

முதலில் வந்த வண்டி செங்கோட்டை மாட்டு டாக்டருடையது. பெரிய சைலன்சர், புதுக் கேம்ஷாஃப்ட், என்னென்னவோ மாட்டியிருந்தார். சாயங்காலத்துக்குள் ட்யூன் பண்ணித் தரவேண்டும் என்றார். காஜா வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தான். செயினை விரலால் தூக்கிப் பார்த்தான். இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவினான். குமிழி வந்தது.

"டாக்டரய்யா, இன்னைக்கு இதை உருளையில ஏத்த முடியாது," என்றான்.

"ஏன்?"

"காத்து ஒழுகுது. செயின் தொங்குது. வால்வு இடைவெளி பாக்கணும். சீக்கான வண்டிக்கு ட்யூன் பண்ணுனா சீக்குக்குத்தான் ட்யூன் பண்ணுவோம்."

முதல் வண்டியையே திருப்பி அனுப்புகிறானே என்று அவன் முழங்கையை இடித்தேன். டாக்டர் முகம் சுளித்தார். ஆனால் வண்டியை விட்டுவிட்டுப் போனார். மறுநாள் கோளாறுகளைச் சரிசெய்து முடித்த பிறகு காஜா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதல்ல. "எங்கன ஓட்டுவீங்க?" என்றான். வாரா வாரம் ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு, மகள் வீட்டுக்குப் போவதாக டாக்டர் சொன்னார். காஜா முழு வேகத்தில் நாலே நாலு ஓட்டம் விட்டான். மீதிப் பகல் முழுக்க, ஆக்சிலேட்டரைக் கால்வாசி முறுக்கி, அரைவாசி முறுக்கி, ஒவ்வொரு இடத்திலும் புகையின் அளவைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் உட்கார்ந்திருந்தான். நான் பொறுமையிழந்து கேட்டேன்.

"உச்சத்துல எவ்வளவு வருதுன்னுதானலே கேப்பாங்க. இதை யாரு பாக்கப் போறா?"

"கொண்டை ஊசி வளைவுல லாரிக்குப் பின்னால போவாருல்லா, அப்ப அவரு பாப்பாரு. முழுசா முறுக்கி எத்தனை நிமிஷம்லே ஓட்டுவாங்க? மீதி நேரமும் அதே வண்டிதான."

பிறகு தானே வண்டியை எடுத்துக்கொண்டு மலைப்பாதை வரை போய்வந்தான். வந்து இரண்டு இடத்தில் மறுபடி திருத்தினான். அந்த டாக்டர்தான் உங்களில் பாதிப் பேரை எங்களிடம் அனுப்பினார்.

இனி அந்த விஷயம்.

சுரண்டையிலிருந்து செல்லத்துரை என்பவர் வந்தார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பிஸ்டன் முதல் சைலன்சர் வரை எல்லாம் மாற்றிய வண்டி. அவருடைய நண்பர் வெளியூரில் இதே வண்டிக்கு முப்பத்தைந்து குதிரைத்திறன் எடுத்திருந்தாராம். காஜா ஒன்றரை நாள் உழைத்தான். முப்பத்தொன்றரை வந்தது. "வண்டி நல்லா இருக்கு. இதுக்கு மேல பெட்ரோலைக் குறைச்சா இன்ஜின் சூடாயிரும்," என்று சொல்லிவிட்டு மதியம் லுஹர் தொழுகைக்குப் போனான்.

செல்லத்துரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சுரண்டைப் பக்கம் இருந்து இனி ஒரு வண்டியும் வராது என்ற பயமும் இருந்தது. டைனோவில் அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் வைத்துக் கணக்கைச் சரிசெய்யும் இடம் ஒன்று உண்டு. காஜா செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது தெரியும். இரண்டு எண்களை மாற்றினேன். கோடு மேலே ஏறியது. முப்பத்துநாலரை என்று அச்சடித்துக் கொடுத்தேன்.

"கடைசி ஓட்டம் நல்லா வந்திருக்கு அண்ணாச்சி," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. தாளை வண்டிமேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். காஜா திரும்பி வந்தபோது நான் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் படம் குழுவில் வந்தது. காஜா அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். போனை என்னிடம் நீட்டினான். தாளின் மூலையில் நான் மறந்துபோன எண்கள் இருந்தன.

"குத்தாலத்துல சாரல் அடிக்கையில நாப்பத்தாறு டிகிரியாலே மாப்ள?" என்றான். "காத்தழுத்தத்தைப் பாத்தா நம்ம கொட்டகை மலைமேல ஏறிட்டு போலுக்கே."

சிரிக்கிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சரியான தாளை அச்சடித்தான். "ஏறு," என்றான். அவன் ஓட்ட, நான் பின்னால். சுரண்டையில் போய்த்தான் வண்டியை நிறுத்தினான்.

செல்லத்துரை வீட்டு வாசலில் அவருடைய நண்பர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "அந்தத் தாள் தப்பு அண்ணாச்சி. எங்க கொட்டகையில நடந்த தப்பு. இதுதான் சரி," என்று காஜா நீட்டினான். என் பக்கம் திரும்பவே இல்லை.

செல்லத்துரை தாளை வாங்கவில்லை. "நான் உங்ககிட்ட வந்து கேட்டேனா பாய்?" என்றார். காஜா அதை மடித்து அவருடைய வண்டி சீட்டின் அடியில் செருகிவிட்டு வந்தான். கொடுத்த குதிரையைத் திரும்பப் பிடுங்குகிற பாய் என்று அதன்பின் பேர் பரவியது. டைனோ பாய் எண்ணைக் கூட்டிப் போடுவார், பிடிபட்டால் குறைப்பார் என்றும் சொன்னார்கள். மூன்று நான்கு மாதம் கொட்டகைக்கு வண்டி வரத்து நின்றே போனது. அப்படிப் பேசியவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள். அந்த எண்ணைக் கூட்டியது காஜா அல்ல, நான்தான். இதை அவன் உயிரோடு இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது எனக்கு வந்தது கோபம்தான். "ஒரே ஒரு தாளுதானலே. ஒரு மனுஷன் சந்தோஷமா இருந்தான். அதைக் கெடுத்து, நம்ம பொழப்பையும் கெடுத்துட்ட," என்று கத்தினேன்.

"நாளைக்கு அவரு வண்டியில ஒரு கோளாறு வந்தா, எதை வச்சிலே கண்டுபிடிப்பேன்?" என்றான். "முதல் அளவே பொய்யின்னா, அதுக்கப்புறம் அளக்கிற எல்லாம் பொய்யில்லா?"

என் ஸ்பேனர்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். குற்றாலத்தில் ஹெல்மெட், மழைக்கோட்டுக் கடை போட்டேன். எட்டு மாதம் நாங்கள் பேசவில்லை.

அந்த எட்டாவது மாதம் செல்லத்துரை என் கடை வாசலில் வந்து நின்றார். வண்டி இல்லை, பஸ்ஸில் வந்திருந்தார். மனைவியோடு வயநாடு போகத் திட்டம் போட்டிருந்தாராம். கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, வேறு வழியில்லாமல் காஜாவிடம் போயிருக்கிறார். இருபத்தொன்பதுதான் வந்ததாம். ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு என்று இவர் வாதாடியிருக்கிறார். காஜா சீட்டின் அடியில் கையை விட்டுத் தான் செருகிய தாளை எடுத்திருக்கிறான். அதே உருளை, அதே பட்டை, அதே கணக்கு. இரண்டரை குறைந்திருக்கிறது, இன்ஜினைப் பிரிக்காமல் வண்டியை வெளியே விடமாட்டேன் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டானாம். பிரித்துப் பார்த்தால் ஒரு வால்வின் ஓரம் கருகி, கீறல் விட்டிருந்தது. மலைப்பாதையில் அது உடைந்து உள்ளே விழுந்திருந்தால் இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் பூட்டியிருக்கும்.

"எம் பொஞ்சாதி பின்னால உக்காந்திருப்பா அண்ணாச்சி," என்றார் செல்லத்துரை. "அந்த முப்பத்துநாலரைத் தாளு மட்டும் இருந்திருந்தா, தாளைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். வண்டியைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்."

அவர் போன பிறகு கடைக்குள் உட்கார முடியவில்லை. வெளியே வந்தேன், உள்ளே போனேன். பத்து நாள் இப்படியே கழிந்தது. பிறகு என் வண்டியை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். காஜா ஏதோ வண்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"கால்வாசி முறுக்கையில திக்குது," என்றேன்.

"அந்தப் பக்கம் பட்டையைப் பிடி," என்றான்.

பிடித்தேன். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் கடையை அரைநாள் மூடிவிட்டு அவனிடம் போவது வழக்கமாயிற்று. டீ குடிப்போம், வண்டிகளைப் பற்றிப் பேசுவோம். தாளைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. மன்னிச்சிரு என்ற வார்த்தையை ஒவ்வொரு வெள்ளியும் கொண்டுபோய், ஒவ்வொரு வெள்ளியும் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த வாரம் என்று ஒன்று எப்போதும் இருந்தது.

அடக்கம் முடிந்து, கூட்டம் பள்ளிவாசலை விட்டுக் கலைந்துகொண்டிருந்தபோது செல்லத்துரையைப் பார்த்தேன். தெருமுனையை நோக்கிக் கூடவே நடந்தேன். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது.

"அண்ணாச்சி, அந்தத் தாளை மாத்துனது காஜா இல்ல. நான்."

அவர் நடையை நிறுத்தவில்லை. "தெரியும்லா," என்றார். "அன்னைக்குப் பாய் தொழுகைக்குப் போயிருந்தாரு. நீங்கதான பிரிண்டு எடுத்துக் குடுத்தீங்க."

"பின்ன ஏன் ஊரெல்லாம் அவன் பேரைச் சொன்னீங்க?"

தெருமுனையில் அவர் நின்றார். "பொய் சொன்ன உங்கமேல எனக்குக் கோவமே வரல. உண்மையைச் சொன்னாரே, அவருமேலதான் வந்துச்சு," என்றார். "அதை நெனச்சுத்தான் இங்கன வந்தேன்."

இருவரும் அந்த முனையில் நின்றோம். மறுபடி சாரல் பிடித்தது. யாரும் ஒதுங்கவில்லை.

காஜாவின் மனைவி ரஹ்மத் அந்த இயந்திரத்தை வாங்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் வாங்கினாலும் பட்டை கட்டிக் கொடுக்க நான் போவேன். ஆனால் வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்து, 'எங்கன ஓட்டுவீங்க' என்று கேட்க எனக்குத் தெரியாது. அந்த வித்தையை நான் கற்றுக்கொள்ளவில்லை.

நேற்று கடைக்குக் கேரளத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மழைக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் இறங்குமா என்று அந்த மனிதர் கேட்டார். அருவிக்குள் நின்றாலும் இறங்காது என்பதுதான் இத்தனை நாளும் நான் சொல்லிவந்த பதில். வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. "ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல தோள்பட்டைத் தையல்ல இறங்கும்," என்றேன். அவர் கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கே என்ன சொல்லி விற்றார்கள் என்பதும் என் காதில் விழுந்தது.

நல்லது செய்த நிறைவு எதுவும் எனக்கு வரவில்லை. ஒரு வியாபாரம் போன எரிச்சல்தான் சாயங்காலம் வரை இருந்தது. காஜாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: பொய் வாய்வரை வந்து, ஒரு கணம் தயங்கி நிற்கிறது. எல்லா முறையும் நிற்கும் என்று சொல்லமாட்டேன். நேற்று நின்றது.