வடக்குச் சுவருக்கு வைத்த நேர்த்தி

செடி விற்கும் கடையில் நின்ற பெண் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. "உன்னுடைய சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது?" என்று டெனிஷில் கேட்டாள். "சைக்கிள் கொட்டகையைப் பார்க்கிறது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. காலையில் வெயில் படுமா, பின்னேரம் படுமா என்று பொறுமையாகக் கேட்டாள். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ஊரில் அந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் அந்தச் சுவரில் வெயில் பட்டு நான் கண்டதேயில்லை. வெயிலுக்குப் பயந்து நிழல் தேடி ஓடி வளர்ந்தவள் நான். ஒரு செடிக்கு வெயில் காணுமா என்று கவலைப்படும் காலமும் வரும் என்று யார் கண்டது?

செடி வாங்கப் போனது ஆசைக்காக அல்ல. என் மகளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து, மாசி மாதம் வெட்டி எடுத்தார்கள். நல்லபடியாகத்தான் எடுத்தார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் மறுபடி ஒன்றும் வளரவில்லை என்று தெரிந்தால்தான் நிம்மதி என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி நடையில் இருந்துகொண்டே பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். சித்திரைப் பிறப்பு முதல் அந்தப் பரிசோதனை வரைக்கும், வெள்ளி தவறாமல், என் கையால் வளர்த்த பூ ஒன்றை வீட்டுச் சாமி அலுமாரியில் வைப்பேன். கடையில் வாங்கும் டியூலிப்பை யாரும் வைக்கலாம், அதில் என்ன பாடு இருக்கிறது? பயத்தில் வாய் பெரிதாகத்தான் பேசிவிடும். இந்த நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதே அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

மகள் இருபது வயதைத் தாண்டியவள், டென்மார்க்கில் பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுவாள். நேர்த்தியைப் பற்றிச் சொன்னபோதும் டெனிஷில்தான், "அம்மா, கட்டியை எடுத்தது டாக்டர்" என்றுவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தையல்கூட வெட்டாத கழுத்தோடு நிற்கும் பிள்ளையுடன் என்ன சண்டை பிடிப்பது?

எங்களுடையது கீழ்த்தள வீடு. சன்னல்களின் கீழெல்லாம் ஹீட்டர். அங்கே வைத்த செடிகள் அப்பளமாய்க் காய்ந்தன. மிஞ்சியது பின்கதவை ஒட்டிய அந்தப் பாசி பிடித்த வடக்குச் சுவர்தான். கடைப் பெண் நிழலுக்கு ஏற்றவை என்று காட்டியதையெல்லாம் விட்டுவிட்டு, நான் ஒரு மல்லிகையையும் ஒரு செவ்வரத்தையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். பிள்ளையாருக்குச் செவ்வரத்தை எவ்வளவு எடுப்பாக இருக்கும்! வைகாசி முடியுமுன் இரண்டும் போய்ச் சேர்ந்தன. கடைப் பெண் வற்புறுத்தித் தந்த, நிழலிலும் பூக்கும் பிரிமுலா ஒன்றுதான் அந்த வெள்ளிக்கிழமைகளில் என் மானத்தைக் காப்பாற்றியது.

மறுபடி கடைக்குப் போனபோது வாயை மூடிக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டேன். முதலில் இலை மட்டும் விரியும் பன்னச் செடிகளைக் காட்டினாள். சுவருக்கு அழகுதான், ஆனால் பூக்காத செடியை வைத்துக்கொண்டு நான் பிள்ளையாருக்கு என்ன கணக்குச் சொல்வது? கடைசியில் கொத்தாகப் பூக்கும் ஒரு ஹோர்டென்சியாவும் பூக்கள் தொங்கும் ஒரு பியூசியாவும் வாங்கினேன்.

காலையில் குளித்துவிட்டு வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் சனத்துக்குக் கைப்பழக்கம். நானும் ஊற்றினேன், மழை பெய்த நாளிலும் ஊற்றினேன். ஹோர்டென்சியாவின் இலை கறுக்கத் தொடங்கியது. மேல்வீட்டில் இருப்பவள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு டெனிஷ்காரி. பால்கனியில் நின்றபடி, "நீ அதைக் கொல்கிறாய்" என்றாள். டெனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். இருந்தாலும் அன்றைக்கு அந்த 'நீ' சுட்டது. அவள் இறங்கி வந்து செடியோடு சாடியைத் தூக்கினாள். அடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "தூக்கிப் பார். பாரமாக இருந்தால் ஊற்றாதே. வெயில் இல்லாத சுவரில் தண்ணீர் எங்கே போகும்?" என்று சொல்லி, சாடிகளுக்கு அடியில் செங்கல் துண்டுகளை வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு நான் கிளினிக்கில் குழந்தைகளை நிறுப்பதுபோல ஒவ்வொரு காலையும் சாடிகளைத் தூக்கிப் பார்த்தேன்.

கோடை முழுக்கப் பியூசியா பூத்தது. அது ஓய்ந்தபோது சிக்லமன் என்ற செடி கைகொடுத்தது. குளிர்காலத்துக்கு யூலரோஸ என்ற வெள்ளைப் பூச்செடியைக் கடைப் பெண் தந்தாள். டிசம்பரில் நத்தாரை ஒட்டிப் பூப்பது. நஞ்சுச் செடி, தொட்டால் கையைக் கழுவு என்று மேல்வீட்டுக்காரி எச்சரித்தாள். நஞ்சை விழுங்கிய தகப்பனின் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டேன். தை முழுக்க, மொட்டு மொட்டாக விரிந்து, வெள்ளிக்கிழமைகளைக் கடத்திவிட்டது.

பரிசோதனையும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் விழுந்தது. அதுவரை சாதுவாகப் போன குளிர்காலம் முதல்நாள் இரவு தன் குணத்தைக் காட்டியிருந்தது. விடிந்ததும் கத்தரிக்கோலோடு பின்கதவைத் திறந்தேன். கடைசிக்கென்று விட்டுவைத்த ஒரே பூ, தண்டோடு சரிந்து மண்ணில் கிடந்தது. இலைகளும் சாடி விளிம்பில் படுத்துவிட்டன. தொட்டால் விறைத்திருந்தது. வருடம் முழுக்க இழுத்துக்கொண்டு வந்து கடைசி நாளில் கைவிட்டுவிட்டதே! செத்த பூவைச் சாமிக்கு எப்படி வைப்பது?

உள்ளே வந்தபோது மகள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பூ வைச்சிட்டீங்களா?"

தமிழில் கேட்டாள். ஒரு வருடமாக நம்பாதவள்போலத் திரிந்த பிள்ளை, ஒவ்வொரு வெள்ளியும் அந்தச் சாமி அலுமாரியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இந்தப் பாவி எனக்கு அது தெரியவில்லை.

"இன்னும் இல்லைப் பிள்ளை. வந்து வைப்பம்."

என் முகத்தைப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஏறி இருந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது. இனி அடுத்த வருடம் ஒருமுறை வந்தால் போதும்" என்றார். நான் அவருக்கு முன்னாலேயே அழுதேன். மகள் என் முதுகைத் தடவினாள்.

திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. கொட்டகைக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. மகள் முன்கதவுக்குப் போகாமல் நேரே பின்பக்கம் போனாள். "அம்மா!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பூ எழும்பி நின்றது, காலையில் ஒன்றுமே நடக்காததுபோல.

"கடும் பனிக்கு அது அப்படித்தான் படுக்கும். இளகினால் எழும்பும்" என்றாள் பால்கனியில் நின்றவள். "உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

"முதலே சொல்லித் துலைச்சிருக்கலாமே" என்று அவளுக்கு விளங்காத தமிழில் சொல்லிவிட்டு, கையை ஆட்டிச் சிரித்தேன்.

பூவை நான் வெட்டவில்லை, மகள் வெட்டினாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு நாளும் போய் நின்றறியாத அந்த அலுமாரிக்கு முன்னால் நின்று, எங்கே வைப்பது என்று கண்ணால் கேட்டாள். நான் காட்டினேன். குனிந்து வைத்தபோது கழுத்துத் தழும்பு தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்தவள் துவாயில் ஈரத்தைத் துடைத்தபடி சொன்னாள்:

"அடுத்த வருசமும் செக் இருக்கு. ஒரு சாடி காணாது அம்மா, இன்னும் ரெண்டு வாங்குவம்."