மிளகோடு காய்ந்த கை

“...பச்சை மிளகே பாறையில காஞ்சா கறுத்துப்போகுது, வெளுத்த கை கறுக்காதுங்களா? மேகமூட்டம் போட்டா மிளகுக்கே கூட ரெண்டு நாள் வேணும். என் கைக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் எப்படிங்க பத்தும்?” என்று அத்தை கேட்டபோது, சேந்தமங்கலத்துத் தோல் டாக்டர் அவளுடைய வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கை முழுக்க நுங்கு நுங்காகக் கொப்புளம்.

அத்தை, அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள். பலா பழுத்துவிட்டால் மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து சுளை விற்பாள். பாதிப் பழத்தை அவள் வாய்தான் விற்கிறது என்பார் அப்பா. “வாங்க சாமி, தின்னு பாத்துட்டுத் திட்டிட்டுப் போங்க” என்று கூப்பிடுவாள். யாரும் திட்டிவிட்டுப் போனதில்லை. முந்தின வருஷம் அந்தப் புறங்கையில் ஒரு வெள்ளைத் திட்டு வந்து பரவியது. வலியில்லை, அரிப்பில்லை, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. ஆனாலும் சுளையை நீட்டினால், வாங்க வந்த கை பாதியில் நின்றுவிடும். கூடை நிறைந்தபடியே வீடு திரும்பியது; ஆடுகள் பலா தின்று கொழுத்தன. அடுத்த பலாவுக்குள் கை பழையபடி ஆகாவிட்டால் சோளக்காட்டை அவள் மறந்துவிட வேண்டியதுதான். சின்னப் பிள்ளையான எனக்கே அது தெரிந்திருந்தது.

டாக்டர் முதலில் கொடுத்தது தண்ணீர் மாதிரி ஒரு மருந்து. திட்டின்மேல் தடவி, காலை வெயிலில் ஐந்து நிமிடம் காட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் மூடிவிட வேண்டும். வெயில் பட்டால்தான் அது வேலை செய்யும். வெயில் என்று காதில் விழுந்ததுமே அத்தை மீதியைக் கேட்பதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. மிளகு காயவைக்கிறவளுக்கு வெயிலைப் பற்றி யார் பாடம் எடுப்பது?

அந்த மாசியில் பார்த்து மலைமேல் மூட்டம் விலகவில்லை. கொஞ்ச நாள் சொன்னபடி செய்தாள். கை அப்படியே இருந்தது. ஒருநாள் மிளகைப் பாறையில் பரப்பி, மருந்தைத் தடவிக்கொண்டு, பக்கத்திலேயே கையை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். மிளகைக் கிளறிவிடும் போதெல்லாம் மருந்தை இன்னொருதரம் தடவிக்கொண்டாள். மத்தியானக் கஞ்சிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான் சிரித்தேன். “சிரி கண்ணு, நாளைக்கு உன்னையும் காயப்போடறேன்” என்றாள். சாயங்காலம் கை லேசாகச் சிவந்திருந்தது. மருந்து பிடித்துக்கொண்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அதற்கப்புறம்தான் கொப்புளம் கிளம்பியது.

டாக்டர் திட்டவில்லை. “மேகம் சூட்டைத்தாம்மா மறைக்கும். தோலைச் சுடறது மேகத்தைத் தாண்டியும் வரும். இந்த மருந்துல சிலருக்குக் கொப்புளம் போட்டுப் பாத்திருக்கேன். இப்படி வெந்து வந்தது நீங்கதான்” என்றார்.

“சுடவே இல்லீங்களே” என்றாள் அத்தை.

மருந்தை நிறுத்தி, களிம்பு போட்டு, விரல்களை மட்டும் வெளியே விட்டுக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

பலா காத்திருக்குமா? கட்டுக் கையோடுதான் அத்தை சோளக்காட்டில் போய் உட்கார்ந்தாள். கையில் என்ன என்று கேட்டவர்களிடம் வெந்துவிட்டது என்றாள். பொய்யும் இல்லை. “அடுப்புல பாத்துப் புழங்கக்கூடாதுங்களா” என்று பரிதாபப்பட்டு வாங்கினார்கள். போன வருஷம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட ஒரு அம்மாள், பக்கத்தில் குந்தி, தனக்குக் கொதிக்கிற எண்ணெய் தெறித்த கதையைச் சொல்லிக்கொண்டே சுளைசுளையாகத் தின்றார். மத்தியானத்துக்குள் கூடை காலி.

மறுபடி போனபோது டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் ஆறியிருந்தது. சுற்றிலும் கரிக்கோடு இழுத்தமாதிரி கறுப்பு. நடுவில் திட்டு முன்னைவிடப் பளிச்சென்று வெளுத்து, கொஞ்சம் பெரிதாகவும் ஆகியிருந்தது. தோல் வெந்தால் சிலருக்கு இப்படியாகும் என்றும், கொஞ்ச காலம் போகட்டும், வேறு மருந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். இனிக் கட்டு வேண்டாமாம்.

எனக்கு நிம்மதி. வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏறியது. சோளக்காடு வருவதற்கு முன்னால் பையிலிருந்து அந்தப் பழைய கட்டுத்துணியை எடுத்து, கையில் சுற்றத் தொடங்கினாள்.

“கைதான் ஆறிருச்சே, அத்த?”

“ஆறிருச்சு கண்ணு” என்று சொல்லி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள்.

இன்னும் வலிக்கிறதாக்கும், எனக்காகத்தான் மறைக்கிறாள் என்று நினைத்தேன். கையில் இடித்துவிடக் கூடாதே என்று சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். அத்தை அந்த இடைவெளியை ஒருதரம் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட கையாலேயே என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.