மேற்குச் சுவரும் அம்மாவின் சேலையும்

புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவர் மேற்குப் பார்த்தது. விடியுமுன் தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டும் அப்பா, பொழுது சாய்ந்ததுமே தூங்கியாக வேண்டும். ஆனால் பகலெல்லாம் சுவர் வாங்கிய வெயிலின் சூடு அந்த நேரத்தில்தான் கான்கிரீட்டைக் கடந்து மெல்ல உள்ளே வந்து சேரும்.

"வெயிலே போயிருச்சு, சுவரு இன்னும் சுடுது. நம்ம வீட்லயே நீதான் பாலிடெக்னிக் வரைக்கும் போனவன், ஏன்னு சொல்லு லா" என்றார் அப்பா.

கட்டிலைச் சுவரை விட்டு ஒரு கை தூரம் நகர்த்தினேன். சுவர் படாததால் அப்பாவின் முதுகு சுடுவது நின்றது. மின்விசிறியைச் சன்னல் பக்கம் திருப்பினேன். அறையின் புழுக்கம் வெளியே போனது. அப்போதும் அப்பா கன்னத்தைத் தடவினார். "எதுவும் தொடல, ஆனா சூடு வருதுடா."

நடுவில் காற்றே இல்லாவிட்டாலும் அது வரும், சூரியனிலிருந்து அப்படித்தான் வருகிறது என்றேன். பிறகு அதை மறிக்கக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே கொடி கட்டி, அம்மாவின் பழைய சேலையைத் தொங்கவிட்டேன்.

"ஐயோ, மாப்பிள்ளைக்கு மணவறையா?" என்று அம்மா சிரித்தார்.

அப்பா அதற்குள் தூங்கிவிட்டார். சேலை மட்டும், சுவரை ஒட்டி மேலேறும் சூடான காற்றில், நீருக்கடியில் இருப்பதுபோல மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.