படத்தில் வராத கன்னையா

வீரம்மாவைப் பற்றிப் படம் எடுக்கப் போவதாக அர்ச்சனா சொன்னபோது மலேசியாவில், கிள்ளான் வீட்டில் அவளுடைய அம்மா உமையாள் ஆச்சி சிரித்தார். வீரம்மாவும்தான் சிரித்தார். அறுபது தாண்டியபிறகு சினிமாவா என்று கேட்டார். நடிக்க வேண்டாம், தினமும் செய்கிற வேலையைச் செய்துகொண்டு பேசினால் போதும் என்றாள் அர்ச்சனா.

வீரம்மா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மளிகைக்கடை நாகப்பன் வீட்டுக்கு வேலைக்கு வந்தபோது பதினான்கு வயது. உமையாள் ஆச்சி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததே அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான். இடையில் வீரம்மாவின் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்தை அழித்து வரிசை வீடுகள் கட்டினார்கள். ஜொகூருக்குப் போன தம்பி போனவன் போனவன்தான். நாகப்பனும் இறந்து, மகன் மெல்போர்னிலும் மகள் அர்ச்சனா சுபாங் ஜெயாவிலும் குடியேறிவிட, அத்தனை பெரிய வீட்டில் இப்போது ஆச்சியும் வீரம்மாவும் மட்டுமே.

படப்பிடிப்பு அடுப்படியில் நடந்தது. வீரம்மா கங்கோங் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆச்சி கோயிலுக்குப் போயிருந்தார்.

"ஏன்கா நீங்க கல்யாணமே பண்ணிக்கல?" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் அர்ச்சனா.

"ஒருத்தரு கேட்டாரு. கன்னையான்னு பேரு. கேஸ் லோரி ஓட்டுனாரு. கேஸ் தோங்க தோள்ல வெச்சிக்கிட்டு பின்வாசல் வழியா வருவாரு. ஒருநா பாலு போடாத தேயோ குடிச்சிட்டு, கப்ப நீட்டிக்கிட்டே, என்னோட வந்துர்றியான்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆச்சிய கேட்டுச் சொல்றேன்னேன். ஆச்சி அப்ப மாசமா இருந்தாங்க. பிள்ள பொறக்கட்டும், பொறுன்னாங்க. பொறந்த பிள்ளைக்கு ஓயாம இழுப்பு. சரி, பிள்ள நடக்கட்டும், கொஞ்சம் தேறட்டும்னாங்க. அவரும் ரெண்டு வருஷம் பாத்தாரு. அப்புறம் ரவாங்ல பொண்ணு கட்டிட்டாரு." ஒரு தண்டை ஒடித்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தப் பிள்ள நீதான்டா."

அர்ச்சனா கேமராவை அணைத்தாள். அதைப் பைக்குள் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டாள்.

வீரம்மா இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதில்லை. கேட்டதும் வாயில் தயாராக நின்றதைப் போல அது வந்துவிட்டதில் அவருக்கே ஆச்சரியம். அன்று முழுவதும், யாரோ வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனதைப் போல இருந்தது.

படத்தைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டார்கள். ஆச்சி தன் பட்டுப்புடவை ஒன்றைக் கொடுத்து வீரம்மாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். முன்வரிசையில் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். படத்தில் விளக்கம் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில். எதற்கோ எல்லாரும் சிரித்தார்கள். வீரம்மாவும் சேர்ந்து சிரித்தார். மெல்போர்ன் மகன் திரையில் வந்து, அவர் எங்களுக்கு இன்னோர் அம்மா என்றான். கங்கோங் கீரை வந்தது. வீரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் அவருடைய விரல்கள் கீரையை ஆய்ந்தன, பின்னணியில் வயலின் ஒலித்தது, அதற்குள் காட்சி துணி காயப்போடுகிற கொடிக்கு மாறிவிட்டது. பிறகு வரும் என்று கடைசிவரை காத்திருந்தார். விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

திரும்பும்போது அர்ச்சனா காரை ஓட்டினாள். ஆச்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். சுபாங் ஜெயா தாண்டியதும் பின்சீட்டிலிருந்து வீரம்மா மெதுவாகக் கேட்டார்.

"கன்னையா வரவே இல்லையே பாப்பா?"

"வெட்டி எடுத்துட்டேன்கா." அர்ச்சனாவின் கண்கள் சாலையை விட்டு அகலவில்லை. "அம்மாக்கு இது ஒன்னும் தெரியாது. நானாதான் எடுத்தேன். போட்டுப் போட்டுப் பாத்தேன், என்னால முடியல. வேணும்னா திரும்பச் சேத்துர்றேன்."

"வேணாம்டா. இருக்குமேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அவ்ளோதான்."

ஆச்சி எந்தக் கன்னையா என்று கேட்கவில்லை. ஷா ஆலம் வரும்வரை கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"நான் வேணாம்னு சொல்லலையே வீரம்மா. பொறுன்னுதானே சொன்னேன்."

"ஆமா ஆச்சி. பொறுன்னுதான் சொன்னீங்க."

வீட்டுக்கு வந்ததும் வீரம்மா புடவையை மாற்றி, மடித்து, ஆச்சியின் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார். அர்ச்சனா வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள். ஆச்சி ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பகல் சாப்பாட்டு நேரத்தில் அர்ச்சனா போன் செய்தாள்.

"பினாங்குல படத்தப் போட்டோம்கா. நெறைய பேரு அழுதுட்டாங்க."

"எந்த எடத்துல?"

"எங்க எல்லாருக்கும் பரிமாறிட்டு நீங்க மட்டும் அடுப்படியில ஒக்காந்து சாப்புடுவீங்கல்ல, அந்த எடத்துல."

"அதுல அழ என்ன லா இருக்கு?" என்றார் வீரம்மா. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

போனை வைத்துவிட்டு ஆச்சிக்குக் கூடத்தில் சோறு போட்டார், ரசம் ஊற்றினார், தண்ணீர் வைத்தார். பிறகு அடுப்படிக்கு வந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை சோற்றைப் பிசைந்தது, பினாங்கில் அழுதவர்கள் நினைவுக்கு வர, பாதியில் நின்றது. கூடத்தில் ஆச்சியின் ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் வீரம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார்.